தெருவின் கோரிக்கை மாமன்றம் போகும் வழி

ஒரு தெருவில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. மழைநீர் வடிகால் கிடையாது. ‘எத்தனை மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை’ என்று தெருவே சலித்துப் போயிருக்கிறது. அந்தத் தெரு உங்களுடையது என்று வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். சென்னையை வைத்து எழுதியிருக்கிறேன். மதுரை, கோவை, திருச்சி வாசகர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்; மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மாநகராட்சியில் வேலை நடப்பது மனுவால் அல்ல, மதிப்பீட்டால். உதவிப் பொறியாளர் உங்கள் தெருவை அளந்து, இத்தனை மீட்டர், இவ்வளவு செலவு என்று எஸ்டிமேட் போட்ட பிறகுதான் உங்கள் கோரிக்கைக்குக் கோப்பில் உயிர் வருகிறது. அதுவரை அது குறை; அதன் பிறகே அது பணி. கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த எஸ்டிமேட்டை வரவைக்கவும், வந்த எஸ்டிமேட் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளவும்தான்.

யார் எங்கே இருக்கிறார்கள்

மாநகராட்சிக்கு இரண்டு கைகள். ஒன்று நாம் வாக்களித்து அனுப்பும் மாமன்றம். 2011 விரிவாக்கத்துக்குப் பிறகு சென்னையில் 200 வார்டுகள். வார்டுக்கு ஒரு கவுன்சிலர். அவர்கள் தங்களுக்குள்ளிருந்து மேயரையும் துணை மேயரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். வரி, பட்ஜெட், பெரிய பணிகளுக்கான தீர்மானம் எல்லாம் இந்த மன்றத்தில்தான். இன்னொரு கை ஆணையர் தலைமையிலான அலுவலர்கள். தீர்மானத்தை வேலையாக்குவது அவர்கள் பொறுப்பு.

2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தமிழக மாநகராட்சிகளில் கவுன்சிலர்களே இல்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வகித்தார்கள். அந்தக் காலத்தில் மக்கள் நேரே அதிகாரிகளிடம் போய்ப் பழகிவிட்டார்கள். இன்றும் பலர் ஒரு கையை மட்டுமே பிடித்து இழுப்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். இரண்டையும் பிடிக்க வேண்டும்.

உங்கள் அளவில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் ஐந்தே பேர்: வார்டு கவுன்சிலர், வார்டு உதவிப் பொறியாளர், துப்புரவு மேற்பார்வையைக் கவனிக்கும் அலுவலர், மண்டல அலுவலர், மண்டலக் குழுத் தலைவர். ஐவரின் பெயர், அலுவலக முகவரி, அலுவலகத் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். முதல் வேலை அதுதான்.

படி 1: சரியான வாசலைக் கண்டுபிடியுங்கள்

மனுக்கள் தொலைந்து போகும் முதல் இடம் இது. குறை உண்மையாக இருக்கும், எழுதியதும் நன்றாக இருக்கும், போய்ச் சேர்ந்த அலுவலகம்தான் தவறாக இருக்கும்.

- மழைநீர் வடிகால், தெருவிளக்கு, உட்புறச் சாலை, குப்பை, கொசு, பூங்கா: மாநகராட்சி. புகார் எண் 1913.
- குடிநீர், கழிவுநீர்: சென்னையில் இது மாநகராட்சியின் வேலை அல்ல. 1978இல் உருவான சென்னைக் குடிநீர் வாரியத்தின் வேலை. புகார் எண் 1916. மற்ற பல மாநகராட்சிகளில் இதையும் மாநகராட்சியே பார்க்கிறது.
- மின்கம்பம், தொங்கும் கம்பி, திறந்து கிடக்கும் பில்லர் பாக்ஸ்: மின்வாரியம்.
- பெரிய சாலைகள்: சில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. சில மாநகராட்சியின் பேருந்து தடச் சாலைகள் துறையிடம். வார்டு பொறியாளரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.
- ஏரி, ஆறு: பெரும்பாலும் நீர்வளத் துறை.

*அடிக்கடி நடக்கும் தவறு:* மழைநீர் வடிகாலையும் கழிவுநீர்க் குழாயையும் ஒன்றாக நினைப்பது. சாலை நடுவே வட்ட மூடி இருந்தால் பெரும்பாலும் அது கழிவுநீர். சாலை ஓரமாகப் பலகைக் கற்கள் வரிசையாக மூடியிருந்தால் அது மழைநீர் வடிகால். வடிகாலில் சாக்கடை நாற்றம் அடித்தால், யாரோ கழிவுநீரை அதில் இணைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது மாநகராட்சி, வாரியம் இரண்டுக்கும் எழுதுங்கள். ஒன்றின் நகலை மற்றதோடு இணையுங்கள். இல்லாவிட்டால் இருவரும் உங்களை அடுத்தவரிடம் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

*எச்சரிக்கை:* பார்த்துவிடலாம் என்று எந்த மூடியையும் நீங்கள் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு சில நொடிகளில் ஆளைச் சாய்க்கும். அடைப்பெடுக்க என்று ஒரு தொழிலாளியைப் பணம் கொடுத்து இறக்குவது அதைவிடக் கொடிய காரியம். 2013 சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. இறக்கியவர் மேல் வழக்கு வரும். வாரியத்தின் இயந்திரம் வரும்வரை காத்திருங்கள்.

படி 2: பழுதா, புதுப்பணியா?

1913 பழுதுக்கான எண். விளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை, இருக்கிற வடிகால் அடைத்திருக்கிறது: இவற்றுக்கு அழையுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘எங்கள் தெருவுக்கு வடிகால் கட்டித் தாருங்கள்’ என்பது பழுது அல்ல. அதற்கு நிதி ஒதுக்க வேண்டும். இதையும் 1913இல் சொன்னால் ‘பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது’ என்று புகார் மூடப்படும். புதுப்பணிக்கு எழுத்து மனு வேண்டும், கவுன்சிலரும் வேண்டும். ஆண்டுக்கணக்காக ஒரே எண்ணை அழைத்துக்கொண்டிருக்கும் தெருக்கள் இந்த இடத்தில்தான் சிக்கியிருக்கின்றன.

படி 3: காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. மாநகராட்சி பட்ஜெட் அதற்கு முன், பெரும்பாலும் பிப்ரவரி அல்லது மார்ச்சில் வைக்கப்படும். வடகிழக்குப் பருவமழையோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழை நெருங்கும்போது சாலையைத் தோண்ட விடமாட்டார்கள். ஆகவே செப்டம்பரில் மனு கொடுப்பவருக்கு அந்த ஆண்டு எதுவும் கிடைக்காது.

என் யோசனை இது. நவம்பரில் தண்ணீர் நிற்கும்போதே படம் எடுங்கள். டிசம்பரில் மனு கொடுங்கள். ஜனவரியில் கவுன்சிலரைப் பாருங்கள். பட்ஜெட்டுக்கு முன்பே உங்கள் தெரு பொறியாளரின் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். கோடையில் வேலை நடந்தால் அடுத்த ஐப்பசிக்குள் வடிகால் தயார்.

படி 4: ஆதாரம் சேருங்கள்

1. ஒரே இடத்தில் நின்று, பெரிய மழை ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு படம். வீட்டு எண்ணோ கடைப் பலகையோ படத்தில் தெரியட்டும். தேதி பதிவாகட்டும்.
2. தண்ணீர் எவ்வளவு நேரம் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘ரொம்ப நேரம்’ என்பதால் பயனில்லை. ‘இரவு 9 மணிக்கு நின்றது, மறுநாள் மாலை 4 மணிக்கு வடிந்தது’ என்பதைப் பொறியாளர் கோப்பில் அப்படியே எடுத்தெழுத முடியும்.
3. தெருவின் வரைபடத்தைக் கையால் போடுங்கள். எந்தப் பக்கம் தாழ்வு, பக்கத்துத் தெருவில் வடிகால் எங்கே முடிகிறது என்று குறியுங்கள். இணைக்க வழியில்லாத வடிகாலை யாரும் கட்டமாட்டார்கள். இணைப்புப் புள்ளியை நீங்களே காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.
4. முதியோர், படுக்கையில் இருப்போர், கர்ப்பிணிகள் உள்ள வீடுகள் எத்தனை என்று எண்ணிக்கை மட்டும் சேருங்கள். பெயர்களைப் பொதுத்தாளில் எழுத வேண்டாம்.

*எச்சரிக்கை:* தேங்கிய நீரில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். மின்கம்பமோ பில்லர் பாக்ஸோ அருகில் இருந்தால் கட்டாயம் கூடாது. மாடியிலிருந்து எடுத்த படம் போதும்.

படி 5: மனுவை எழுதுங்கள்

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. வடிகால், நாய்த் தொல்லை, ரேஷன் கடை மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் அது மூன்று மேசைகளுக்குப் போக வேண்டியிருக்கும். ஒரு மேசையிலும் நிற்காது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வசைச்சொல் ஒன்றுகூட வேண்டாம். அந்தத் தாள் பத்துக் கைகள் மாறும். ஒன்பது பேருக்கு உங்கள் கோபத்தோடு சம்பந்தம் இல்லை.

மாதிரி:

> அனுப்புநர்: … தெரு குடியிருப்போர், வார்டு எண் …, மண்டலம் …
>
> பெறுநர்: மண்டல அலுவலர் அவர்கள், மண்டலம் …
>
> ஐயா / அம்மா,
>
> பொருள்: … தெருவில் மழைநீர் வடிகால் அமைக்க மதிப்பீடு தயாரிக்கக் கோருதல் தொடர்பாக.
>
> எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் இல்லை. கடந்த மழைக்காலத்தில் கீழ்க்கண்ட நாட்களில் தண்ணீர் தேங்கியது: (நாள், நேரம்). தெருவின் கிழக்கு முனையிலிருந்து … தெருவில் உள்ள வடிகால் ஏறத்தாழ … மீட்டர் தூரத்தில் உள்ளது (வரைபடம் இணைப்பு 1, படங்கள் இணைப்பு 2).
>
> உதவிப் பொறியாளர் நேரில் பார்வையிட்டு மதிப்பீடு தயாரிக்கவும், வரும் நிதியாண்டுப் பணிகளில் சேர்க்கவும், எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்.
>
> நகல்: வார்டு கவுன்சிலர், உதவிப் பொறியாளர், மண்டலக் குழுத் தலைவர்.

‘தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்’ என்று முடிக்காதீர்கள். எது தகுந்தது என்று அவர்களே முடிவு செய்து, ஒன்றும் செய்யாமலும் விடலாம். ‘மதிப்பீடு தயாரிக்கவும்’ என்று எழுதினால் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும்.

கையெழுத்து வாங்கும்போது வீட்டுக்கு ஒன்று போதும். வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். வீட்டுக்காரர் வேறு ஊரில் இருப்பார், தண்ணீரில் நிற்பவர் குடியிருப்பவர்தான்.

மனுவைத் தபால் பிரிவில் கொடுங்கள். உங்கள் நகலில் தேதி முத்திரையும் எண்ணும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். ‘சார் மேசையில வச்சுட்டுப் போங்க’ என்றால், பணிவாக, ஆனால் உறுதியாக, ‘சீல் மட்டும் போட்டுக் குடுத்துடுங்க சார், போயிடறோம்’ என்று நில்லுங்கள். மறுத்தால் ஒப்புகை கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். எண் இல்லாத மனு எழுதாத மனுதான். அசல் ஆவணங்களை எங்கும் கொடுக்க வேண்டாம். ஆதார் நகல் கேட்காத இடத்தில் இணைக்கவும் வேண்டாம்.

படி 6: கவுன்சிலரைச் சந்தியுங்கள்

இருபது பேர் திரண்டு போவதைவிட மூன்று பேர் போவது நல்லது. ஒருவர் பேச, ஒருவர் குறிப்பெடுக்க, ஒருவர் படங்களைக் காட்ட. அந்த மூவரில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்தவர் பேசினால் விவரம் தானாக வரும்.

அவரிடம் மூன்றைக் கேளுங்கள்:

1. வார்டு மேம்பாட்டு நிதியில் இதைச் செய்ய முடியுமா? சிறிய பணி என்றால் இதுதான் குறுக்குவழி.
2. முடியாதென்றால், மண்டலக் குழுக் கூட்டத்தில் பொருளாக வைப்பீர்களா?
3. மாமன்றத்தின் கேள்வி நேரத்தில் எழுப்புவீர்களா? அங்கே கேட்ட கேள்வி பதிவேட்டில் நிற்கும்; அதிகாரி பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. சில வார்டுகளில் கவுன்சிலர் ஒருவராக இருக்க, கணவரோ அண்ணனோ முன்னால் உட்கார்ந்து பேசுவதைப் பார்ப்பீர்கள். நீங்கள் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ‘அம்மாகிட்டதான் பேச வந்தோம்’ என்று சொல்லுங்கள். மனுவை அவர் கையில் கொடுங்கள், கையெழுத்தை அவரிடமே வாங்குங்கள். மன்றத்தில் எழுந்து பேசப்போவது அவர்; விவரம் அவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் வாக்களித்ததும் அவருக்குத்தான்.

நீங்கள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்ற பேச்சு வந்தால் ஒதுங்கிவிடுங்கள். தெருவில் எல்லாக் கட்சிக்காரரும் இருப்பார்கள். கோரிக்கை தெருவுடையது.

படி 7: பகுதி சபையில் தீர்மானமாக்குங்கள்

கிராமத்தில் கிராம சபை இருப்பது எல்லாருக்கும் தெரியும். நகரத்திலும் அதற்கு இணையான ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. 1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், மூன்று லட்சம் அல்லது அதற்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழ்நாடு அதற்கான விதிகளை 2022இல்தான் கொண்டுவந்தது. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு சபை. அந்தப் பகுதி வாக்காளர் எல்லாரும் அதன் உறுப்பினர். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் நியமிக்கப்படும் ஒருவர் கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழுவில் அமர்வார். முதல் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1இல் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தார்.

இருபத்தொன்பது ஆண்டு காத்திருந்து கிடைத்த உரிமை இது. காலி நாற்காலிகளோடு இந்தக் கூட்டங்கள் நடப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அதனால் இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டத்துக்கு முன்:

1. உங்கள் தெரு எந்தப் பகுதி சபையில் வருகிறது, பகுதிப் பிரதிநிதி யார் என்று வார்டு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.
2. அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்று கேளுங்கள். முந்தின நாள் மாலைதான் தெரியவந்தது என்ற குறை எங்கும் உண்டு. முன்கூட்டியே கேட்டுவைப்பவருக்கு அந்தக் குறை இராது.
3. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இந்த முகவரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. வீடு மாறி வந்தவர் என்றால் படிவம் 8.
4. தெருவிலிருந்து பத்துப் பேராவது வருவதாக உறுதி வாங்குங்கள்.

கூட்டத்தில்:

1. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள்.
2. இரண்டு நிமிடத்துக்குள் பேசுங்கள். சீல் போட்ட மனுவின் எண்ணையும் தேதியையும் முதலில் சொல்லுங்கள்.
3. தீர்மான வாசகத்தைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: ‘… தெருவில் மழைநீர் வடிகால் அமைக்கும் பணியை இப்பகுதியின் முன்னுரிமைப் பணியாகச் சேர்க்க இச்சபை தீர்மானிக்கிறது.’ வாய்ப்பேச்சு காற்றோடு போகும். தாள் பதிவேட்டில் ஒட்டப்படும்.
4. கூட்டம் கலையும் முன் பதிவேட்டில் உங்கள் தீர்மானம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள்.

*அடிக்கடி நடக்கும் தவறு:* ஒரே தெருவிலிருந்து ஆறு பேர் ஆறு விதமாகக் கேட்பது. முந்தின நாள் ஒரு வீட்டில் உட்கார்ந்து, முதலில் எது என்று முடிவு செய்துவிட்டு வாருங்கள். பக்கத்துத் தெருவின் தேவை உங்களுடையதைவிட அவசரம் என்று தெரிந்தால் அதற்குக் கை தூக்குங்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் உங்களுக்கு வருவார்கள்.

படி 8: கோப்பைத் தொடருங்கள்

மனு போன பிறகு கோப்பு இந்த வரிசையில் நகர வேண்டும்: நேரடி ஆய்வு, மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தேவைப்பட்டால் மன்றத் தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. மாதம் ஒருமுறை உதவிப் பொறியாளரிடம் ‘இப்போ எந்த நிலையில இருக்கு சார்?’ என்று மட்டும் கேளுங்கள். பதிலைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். முதல் ஆய்வின்போது தெருவில் ஒருவர் கட்டாயம் உடன் இருங்கள்.

இரண்டு மாதம் ஆகியும் அசைவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. விண்ணப்பத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்க வேண்டியவை:

1. … நாளிட்ட, … எண்ணிட்ட எங்கள் மனு மீதான கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்.
2. … தெருவுக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டிருந்தால் அதன் நகல்.
3. இந்த வார்டில் கடந்த மூன்று நிதியாண்டுகளில் நடந்த வடிகால் பணிகளின் பட்டியல்: இடம், தொகை, ஒப்பந்ததாரர், முடிந்த நாள்.

‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள், காரணம் அதற்குள் இருக்கும். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

*பாதுகாப்பு:* ஒப்பந்தத் தொகை பற்றிய தகவல் சிலருக்குப் பிடிக்காது. வார்டில் பகை வரும் என்று தோன்றினால் ஒரே ஆள் எல்லா விண்ணப்பத்தையும் போடாதீர்கள். இரண்டு மூன்று பேர் தனித்தனியே போடுங்கள். வந்த ஆவணத்தின் நகல்கள் பல வீடுகளில் இருக்கட்டும். யாரையும் பெயர் சொல்லி ‘லஞ்சம் வாங்கினார்’ என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள். அவதூறு வழக்கில் மாட்டுவது நீங்கள்தான். உங்களிடமே பணம் கேட்டால் கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம்; வற்புறுத்தப்பட்டுக் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்தாக வேண்டும்.

மறியல் பற்றியும் கேட்பார்கள். திடீர் மறியலால் லாரித் தண்ணீர் அன்று மாலை வரலாம், வடிகால் வராது. வழக்குப் பதிவானால் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்கும் இளைஞர்கள்தான் அலைய வேண்டியிருக்கும். கூடித்தான் ஆக வேண்டும் என்றால் காவல்துறை அனுமதியோடு கூடுங்கள்.

படி 9: வேலை தொடங்கிய பிறகு

பணி ஆணை வந்ததும் ஓய்ந்துவிடாதீர்கள்.

1. மதிப்பீட்டு நகலைக் கையில் வைத்துக்கொண்டு நீளம், அகலம், ஆழத்தை நீங்களே டேப்பால் பாருங்கள். குழிக்குள் இறங்க வேண்டாம்; ஓரத்திலிருந்து அளப்பது போதும்.
2. வடிகால், இணைய வேண்டிய வடிகாலோடு உண்மையில் இணைகிறதா என்று பாருங்கள். நடுவில் பத்தடி விட்டுப்போன வடிகால் கொசுத் தொட்டி. மண் மூடும் முன் படம் எடுத்துவிடுங்கள்.
3. பிறகு சாலை போட வந்தால், பழைய சாலையைச் சுரண்டிவிட்டு, அதாவது மில்லிங் செய்துவிட்டு, போடுகிறார்களா என்று பாருங்கள். அப்படியே மேலே போட்டால் சாலை உயர்ந்து தண்ணீர் வீட்டுக்குள் வரும். ரோலர் வருவதற்கு முன்பே பொறியாளருக்குத் தொலைபேசி செய்யுங்கள்.
4. தோண்டிய பள்ளத்தைச் சுற்றித் தடுப்பும் இரவு விளக்கும் இல்லையென்றால் அன்றே 1913இல் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பள்ளத்தருகே விடாதீர்கள்.
5. குறை இருந்தால் வேலையாட்களோடு சண்டை போடாதீர்கள். அவர்கள் சொன்னதைச் செய்பவர்கள். இயந்திரத்தின் முன்னால் போய் நிற்கவும் கூடாது. படம், தேதி, உதவிப் பொறியாளருக்கும் செயற்பொறியாளருக்கும் எழுத்து: அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும், ஒப்பந்ததாரர் எத்தனை காலம் வரை தன் செலவில் பழுது பார்க்க வேண்டும் என்பதை ஒப்பந்த நகலில் பார்த்துக் குறித்துவையுங்கள். முதல் பெரிய மழையில் பழைய இடத்திலேயே நின்று மறுபடி படம் எடுங்கள். தண்ணீர் நின்றால், அந்தக் காலம் முடிவதற்குள் அடுத்த மனுவை எழுதுங்கள். வேலையின் ஒப்பந்த எண்ணை ‘பொருள்’ வரியிலேயே போட்டுவிடுங்கள்.